அவுட்புட் வராத பிள்ளை

உட்காருங்க அண்ணாச்சி. அது வேண்டாம், அதுல ஒரு கால் ஆடும். இந்த நாற்காலியில உட்காருங்க.

இசக்கியம்மாளைப் பத்தித்தான கேக்க வந்திருக்கீங்க. சொல்றேன். கல்யாணக் காரியம். கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைச்சும் சொல்ல மாட்டேன். உங்க அக்கா மகன் கால்நடை டாக்டர்னு சொன்னீங்க. நல்ல உத்தியோகம், நல்ல குடும்பம். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, அந்த டீச்சரம்மா தெரிஞ்சிருந்தும் சொல்லலையேன்னு நீங்க நினைச்சிரக் கூடாது பாருங்க.

பிள்ளை நல்ல பிள்ளை. அதை முதல்லயே சொல்லிர்றேன். காலேஜ்ல நாலு வருஷமும் என் கண்ணு முன்னாடிதான் இருந்தா. நடத்தையில ஒரு சொல் சொல்ல முடியாது. அப்பா தென்காசியில தையல்கடை வச்சிருக்கார், அம்மா வீட்டுல பீடி சுத்துறாங்க, அதெல்லாம் நீங்களே விசாரிச்சிருப்பீங்க. படிப்புல கெட்டி. மெட்ராஸ்ல இருந்து கம்பெனிக்காரங்க வந்து கேம்பஸ் இன்டர்வியூ வச்சப்போ எங்க டிபார்ட்மென்ட்ல முதல்ல எடுத்தது அவளைத்தான்.

அப்புறம் ஏன் தென்காசியில ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்துக்கிட்டு இருக்கான்னு கேப்பீங்க. அதுக்குத்தான் வர்றேன். கடைசி செமஸ்டர்ல நெட்வொர்க் லேப் பிராக்டிகல்ல ஃபெயில் ஆயிட்டா.

ஃபெயில்னதும் உங்களுக்கு முகம் மாறுது. இருங்க. ஃபெயில் ஆனதைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. எத்தனையோ பிள்ளைங்க ஃபெயில் ஆகுது. இவ ஃபெயில் ஆக வேண்டிய அவசியமே இல்ல. அதான் விஷயம். நான் பக்கத்துல நின்னு கையைப் பிடிச்சுத் தூக்கி விடுறேன்னு சொல்றேன், மாட்டேன்னு உட்கார்ந்துக்கிட்டா. அந்தப் பிடிவாதத்தைத்தான் நீங்க தெரிஞ்சுக்கிடணும்.

உங்களுக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் இல்லையே? பரவாயில்ல. சுலபமாச் சொல்றேன். நீங்க போன் பண்ணணும்னா முதல்ல என்ன செய்வீங்க? ரிசீவரை எடுத்துக் காதுல வைப்பீங்க. ஊய்னு ஒரு சத்தம் வரும். அது வந்தாத்தான் நம்பரைச் சுத்துவீங்க. அதே மாதிரி, ஒரு ப்ரோக்ராம் இன்னொரு கம்ப்யூட்டரோட பேசணும்னா முதல்ல ஒரு முனையைத் திறக்கணும். ரிசீவரை எடுக்குற மாதிரின்னு வச்சுக்கிடுங்க. சி மொழியில அதுக்கு ஒரே ஒரு வரி. திறந்துச்சுன்னா ஒரு நம்பர் குடுக்கும். திறக்கலேன்னா மைனஸ் ஒண்ணுன்னு குடுக்கும். திறந்ததுக்கு அப்புறம் அந்த முனை எப்படிப்பட்டது, ஒரு தடவைக்கு எவ்வளவு அனுப்பலாம், அது இதுன்னு விவரமெல்லாம் வாங்கி ஸ்க்ரீன்ல காட்டணும். இதுதான் கேள்வி. எங்க லேப்ல இருக்குறதிலயே சின்னக் கேள்வி. சீட்டு எடுக்கும்போது இது வந்துட்டா பிள்ளைங்க சாமி கும்பிடும்.

அப்போ நான்தான் லேப் இன்சார்ஜ். ஹெச்.ஓ.டி. ரிட்டயர் ஆகப் போறார், அடுத்து நான்தான்னு பேச்சு. எங்க காலேஜ்ல ஒரு பழக்கம் உண்டு. எந்த லேப்ல எல்லாரும் பாஸோ அந்த லேப் பேரை மெயின் கேட்ல பெரிய போர்டுல எழுதி வைப்பாங்க. பெத்தவங்க அதைப் பார்த்துத்தான் பிள்ளையைச் சேர்க்குறாங்க. அதுவரைக்கும் என் லேப் பேர் எல்லா வருஷமும் அந்த போர்டுல இருந்திருக்கு. பெருமைக்குச் சொல்லலை. ஒரு பொறுப்பு எவ்வளவு இருக்குன்னு தெரியணும்ல.

எக்ஸ்டர்னலா நாகர்கோவில் பக்கத்துல இருந்து தனசிங்னு ஒரு சார் வந்திருந்தார். வெளிக் காலேஜ்ல இருந்து பரீட்சை நடத்த ஆள் வரணும், அது சட்டம். கொஞ்சம் கறார். காலையில ஒரு பேட்ச் முடிஞ்சது. இதே கேள்வி நிறையப் பிள்ளைங்களுக்கு வந்துச்சு. எல்லாரும் நல்லாச் செஞ்சாங்க. எல்லாருக்கும் ஒரே அவுட்புட், ஒரே நம்பர். சாருக்கு அதுவே சந்தேகம் வந்துட்டு. என்ன மேடம், ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி அடிச்சிருக்காளோன்னு கேக்குறார். எல்லா ப்ரோக்ராமும் ஓடுறது சர்வர்னு ஒரே பெரிய மெஷின்ல சார், ஒரே நம்பர்தான் வரும்னு சொல்லிச் சமாளிச்சேன். அவர் மூஞ்சி தெளியலை.

சாப்பாட்டு நேரத்துல லேப் அசிஸ்டெண்ட் பால்துரை வந்தான். காலை பேட்ச்சோட ப்ரோக்ராம் எல்லாம் சர்வர்ல இன்னும் தொங்கிக்கிட்டு இருக்கு மேடம், திறந்த முனையை ஒருத்தியும் மூடலை, ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிருவோமான்னான். நான் வேண்டாம்னுட்டேன். அது கிழட்டு மெஷின். அணைச்சா மறுபடி எந்திரிக்கிறதுக்கு அது இஷ்டப்பட்ட நேரம் எடுத்துக்கிடும். சாருக்குச் சாயங்காலம் ரயில். மதியம் சீக்கிரம் ஆரம்பிச்சுடலாம்னு அவரே ரெண்டு தடவை சொல்லிட்டார். எல்லாத்தையும் யோசிச்சுத்தான முடிவு எடுக்க முடியும்?

மதியம் பேட்ச்ல இசக்கி இருந்தா. சீட்டு எடுத்தா, இதே கேள்வி. சந்தோஷமா என்னைப் பார்த்துச் சிரிச்சா. அவளோட இன்னும் ஏழெட்டுப் பேருக்கு இதேதான். அவளுக்குப் பக்கத்து மெஷின்ல பெனிட்டான்னு ஒரு பிள்ளை, ஹாஸ்டல்ல ரெண்டு பேரும் ஒரே ரூம். அவளுக்கும் அதேதான்.

இசக்கிதான் முதல்ல அடிச்சு முடிச்சா. நான் அந்தப் பக்கம் நடந்துக்கிட்டு இருக்கேன். ரன் பண்ணினா. ஸ்க்ரீன்ல ஒரே ஒரு வரி வந்துச்சு, முனையைத் திறக்க முடியலைன்னு. அதோட நின்னுட்டு. மறுபடி ரன் பண்ணினா. மறுபடி அதே வரி. ப்ரோக்ராமை மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சா. ஒண்ணும் மாத்தலை. மூணாவது தடவையும் அதேதான். இருக்குறதிலயே கெட்டிக்காரி இவதான். இவளுக்கே வரலேன்னா?

கையைத் தூக்கினா. போனேன். மெதுவாத்தான் சொன்னா, மத்தவங்களுக்குக் கேக்காம. சர்வர்ல பழைய ப்ரோக்ராம் எல்லாம் முனையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு மேடம், புதுசாத் திறக்க இடம் இல்ல, அதை மட்டும் கொஞ்சம் கிளியர் பண்ணச் சொல்லுங்கன்னா. பால்துரை அந்தக் கதவுகிட்ட நிக்கிறான், என்னைப் பார்க்குறான். நான் அவனைப் பார்க்கலை. பரீட்சை நடக்கும்போது சர்வர்ல கை வைக்க முடியுமா அண்ணாச்சி? எதைக் கிளியர் பண்ணப் போய் எது போகும்? ஒரு பிள்ளை அடிச்சு வச்சது அழிஞ்சுட்டா யார் பதில் சொல்றது? அதுவும் எக்ஸ்டர்னல் முன்னாடி, எங்க மெஷின்ல கோளாறுன்னு நானே சொல்றதா?

நான் யோசிச்சுக்கிட்டு நிக்கும்போதே பக்கத்துல பெனிட்டா ரன் பண்ணினா. அவளுக்கு அவுட்புட் வந்துட்டு. அழகா, ஒவ்வொரு விவரத்துக்கும் நேரா ஒரு நம்பர். எனக்கு உயிர் வந்துச்சு. அங்க பின்னாடி இன்னொருத்திக்கு வந்துச்சு. அடுத்து இன்னொருத்திக்கு. இசக்கியைத் தவிர எல்லாருக்கும் வருது. அப்போ மெஷின்ல கோளாறு இல்லதான? நீங்களே சொல்லுங்க.

அதைத்தான் அவகிட்டச் சொன்னேன். பாரு, பெனிட்டாவுக்கு வந்திருக்குன்னேன். அவ திரும்பி அந்த ஸ்க்ரீனைப் பார்த்தா. கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தா. அப்புறம் எங்கிட்டத் திரும்பி, வாய்க்குள்ளயே சொன்னா.

"மேடம், அது அவுட்புட் இல்ல. குப்பை."

என்ன சொல்றான்னா, பெனிட்டாவுக்கும் முனை திறக்கலையாம். திறந்துச்சா இல்லையான்னு அவ ப்ரோக்ராம் கேக்கவே இல்லையாம். கேக்காம அடுத்த வரிக்குப் போயி, மெமரியில ஏற்கெனவே என்ன கிடந்துச்சோ அதை எடுத்து நம்பர்னு காட்டுதாம். சத்தம் வராத போன்ல நம்பரைச் சுத்திட்டுப் பேசிக்கிட்டே இருக்குற மாதிரின்னு வச்சுக்கிடுங்க. இவ ப்ரோக்ராம்ல, திறக்கலேன்னா நிறுத்துன்னு ஒரு நாலு வரி இருக்கு. அது ஒழுங்காத் தன் வேலையைச் செஞ்சு நிறுத்திட்டு. அதான் வித்தியாசம்.

இருக்கலாம். நான் இல்லேன்னு சொல்லலை. அந்த நாலு வரியை எழுதச் சொல்லிக் குடுத்ததே நான்தான். ஆனா பரீட்சை ஹால் கிளாஸ் ரூம் இல்ல பாருங்க. அங்க அவுட்புட்டுக்குத்தான் மார்க். ஸ்க்ரீன்ல நம்பர் வரணும், எக்ஸ்டர்னல் பார்க்கணும், கையெழுத்துப் போடணும். நான் ஒரு தடவை சுத்திப் பார்த்துட்டு, குனிஞ்சு, ஏதோ ப்ரோக்ராமைப் பார்க்குற மாதிரி அவ காதுகிட்டச் சொன்னேன். அந்த நாலு வரியை எடுத்துரும்மா. எடுத்துட்டு ரன் பண்ணு. எல்லாருக்கும் வந்த மாதிரி உனக்கும் வந்துரும்.

யார் சொல்லுவா அண்ணாச்சி? பரீட்சை ஹால்ல எந்த டீச்சர் இப்படி வந்து ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் குடுப்பா? மாட்டிக்கிட்டா என் வேலை என்ன ஆகும்? அவ மேல உள்ள பிரியத்துல செஞ்சேன்.

அவ என்னை நிமிர்ந்து பார்த்தா. கோவமா இல்ல. என்னமோ நான் வேற பாஷையில பேசின மாதிரி ஒரு பார்வை. அப்புறம் கீபோர்டுல இருந்து ரெண்டு கையையும் எடுத்து மடியில வச்சுக்கிட்டா.

"திறக்கலேன்னா திறக்கலேன்னுதான மேடம் சொல்லணும்."

அவ்வளவுதான் சொன்னா. எனக்கு உடம்பெல்லாம் வேர்க்குது. ஏ.சி. ஓடுது, வேர்க்குது. சார் அந்தக் கோடியில இருந்து ஒவ்வொரு மெஷினா வர்றார். கீபோர்டு சத்தம் குறைஞ்சுக்கிட்டே வருது. எல்லாரும் முடிச்சுட்டு உட்கார்ந்திருக்காங்க. சார் ஒவ்வொரு ஸ்க்ரீனாப் பார்க்குறார், தலையை ஆட்டுறார். காலையில இருந்த மூஞ்சி இல்ல, இப்போ சிரிக்கிறார். என்னைத் திரும்பிப் பார்த்து, மதிய பேட்ச் பிரமாதம் மேடம், ஆளுக்கு ஒரு நம்பர் வந்திருக்கு, ஒருத்தியும் காப்பி அடிக்கலைன்னார். நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய?

இசக்கிக்கு அது கேட்டுட்டு. அவ காது சிவந்து போச்சு.

நான் மறுபடி குனிஞ்சேன். வேலை போயிரும்டி, அரியர் இருந்தா அந்தக் கம்பெனி எடுக்க மாட்டான், உங்கப்பாவை நினைச்சுப் பாருன்னேன். அப்பாவைச் சொன்னதும் கண்ணு கலங்கிட்டு. கையைத் தூக்கிக் கீபோர்டுல வச்சா. அந்த நாலு வரிகிட்டக் கொண்டு போயிட்டா. கர்சர் அங்க நின்னு மினுக்கு மினுக்குன்னு அடிக்குது. ஒரு தட்டு தட்டினாப் போதும். சார் பெனிட்டாகிட்ட வந்துட்டார். பெனிட்டாவுக்குக் கையெழுத்துப் போடுறார். வெரிகுட்ங்குறார்.

இவ கையை எடுத்துட்டா.

சார் வந்தார். ஸ்க்ரீனைப் பார்த்தார். அவுட்புட் எங்கன்னார். எந்திரிச்சு நின்னா. திறக்க முடியலை சார், அதைத்தான் ப்ரோக்ராம் சொல்லுதுன்னா. மத்தவங்களுக்கெல்லாம் திறந்திருக்கே, உனக்கு மட்டும் ஏன் திறக்கலைன்னார் அவர். நியாயமான கேள்வி அண்ணாச்சி. நான்கூட அதேதான கேட்டேன்.

அப்போ அவ வாயைத் திறந்தா. "சார், அவங்க ப்ரோக்ராம்ல" அப்படீன்னு ஆரம்பிச்சா. பெனிட்டா இவளைப் பார்த்தா. பின்னாடி வரிசையில அந்த ஏழெட்டுப் பேரும் பார்க்குறாங்க. பெனிட்டா மூஞ்சியில ரத்தம் இல்ல. அவ அப்பா இல்லாத பிள்ளை, அவளையும் ஒரு கம்பெனி எடுத்து வச்சிருக்கு. இவ அவளைப் பார்த்தா. அந்த வரிசையைப் பார்த்தா. அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

சார் சொல்லுன்னார். அவங்க ப்ரோக்ராம்ல என்ன?

"ஒண்ணும் இல்ல சார்."

பார்த்தீங்களா? கேள்வி கேட்டதும் பதில் சொல்ல வாய் வரலை. அதுவரைக்கும் எங்கிட்ட அவ்வளவு பேசினவ. அதுதான் எனக்கு அவ மேல வருத்தம். உனக்கு நிச்சயமாத் தெரிஞ்சா நின்னு வாதாடணும், இல்லேன்னா நான் சொன்னபடி கேட்டிருக்கணும். ரெண்டும் இல்லாம நடுவுல நின்னா யாருதான் என்ன செய்ய முடியும்?

சார் என் பக்கம் திரும்பி, மேடம், நீங்க இன்சார்ஜ், மெஷின்ல ஏதாவது பிரச்சனை உண்டான்னு கேட்டார். ஒரு முறைக்காகக் கேட்டார். இசக்கி நிமிர்ந்து என்னைப் பார்த்தா. பால்துரை கதவுகிட்ட நிக்கிறான். அந்த ஹால்ல உள்ள எல்லாக் கண்ணும் என் மேலதான். நான் என்ன சொல்லட்டும்? மெஷின்ல பிரச்சனைன்னு சொன்னா அந்த ஏழெட்டுப் பேருக்கும் மறுபடி வைக்கணும், போட்ட கையெழுத்தெல்லாம் செல்லாமப் போகும், யுனிவர்சிட்டிக்குத் தெரியும், லேப் பேர் போகும். நான் ஒருத்தியைப் பார்க்கவா, ஒரு பேட்ச்சைப் பார்க்கவா?

பிரச்சனை ஒண்ணும் இல்ல சார்னேன். நல்ல பிள்ளை சார், பதட்டத்துல என்னமோ ஆயிட்டுன்னும் சேர்த்துச் சொன்னேன். அதையும் சொன்னேன், பாத்துக்கிடுங்க. அவளுக்காகப் பரிஞ்சுதான் பேசினேன். அவுட்புட் இல்லாம நான் எதுக்கு மார்க் போடுறதுன்னுட்டார் அவர். போடலை. ரயிலுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டார்.

ரிசல்ட் வந்ததுக்கு அப்புறம் அவ அம்மா காலேஜுக்கு வந்தாங்க. பாவம், கையெல்லாம் பீடி இலை வாசம். உட்காருங்கன்னா உட்காரலை. கம்பெனியில இருந்து எடுக்க முடியாதுன்னு தாக்கல் வந்துட்டுன்னாங்க. எங்கிட்ட ஒரே ஒண்ணுதான் கேட்டாங்க, எம்மக தப்பாப் போட்டாளா டீச்சர்னு.

தப்புன்னு இல்லம்மா, அவுட்புட் வரலை, அவ்வளவுதான்னேன். அவங்களுக்குப் புரியலை. தப்பு இல்லேன்னா ஏன் ஃபெயில்னு நிக்கிறாங்க. அவங்களுக்கு எப்படிப் புரிய வைக்க? படிச்ச உங்களுக்கே இவ்வளவு நேரம் ஆகுது. கடைசியில கும்பிடு போட்டுட்டுப் போயிட்டாங்க.

இதுல இன்னொண்ணு. அதே வாரம் பெனிட்டா வந்தா, அழுதுக்கிட்டு. மேடம், எங்களோடது எல்லாம் குப்பை, இசக்கி நினைச்சிருந்தா அன்னைக்கே சாருகிட்டச் சொல்லி எங்க எல்லாரையும் மாட்டி விட்டிருக்கலாம், எங்களுக்காகத்தான் வாயை மூடிக்கிட்டா, நான் பிரின்சிபாலைப் பார்த்துச் சொல்லப் போறேன்னா. பிள்ளைங்க உணர்ச்சிவசப்படும். நாமதான நிதானமா இருக்கணும். உட்கார வச்சுத் தண்ணி குடுத்தேன். நீ சொன்னா இசக்கிக்கு வேலை திரும்பி வருமான்னு கேட்டேன். வராது. உனக்குள்ளது போகுமான்னு கேட்டேன். போகும். உங்கம்மா என்ன செய்வாங்கன்னு கேட்டேன். கண்ணைத் துடைச்சு அனுப்பி வச்சேன். இப்போ பெங்களூர்ல நல்லா இருக்கா. கிறிஸ்துமஸுக்குக் கார்டு போடுவா. போன வருஷம் போடலை, வேலை அதிகமா இருக்கும்.

ஆறு மாசம் கழிச்சு இசக்கி மறுபடி பிராக்டிகலுக்கு வந்தா. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அவளுக்காகன்னே அன்னைக்குக் காலையிலேயே வந்து பால்துரையை விட்டு சர்வரை அணைச்சுப் போட்டு எழுப்பி வச்சேன். யாரும் கேக்கலை, நானாச் செஞ்சேன். சீட்டுல அவளுக்கு மறுபடி அதே கேள்வி. அதே ப்ரோக்ராமை அடிச்சா, அதே நாலு வரி, ஒரு எழுத்து மாறலை. ரன் பண்ணினா. வந்துட்டு. எக்ஸ்டர்னலா வந்த அம்மா முழு மார்க் போட்டாங்க. பார்த்தியா, ரெண்டாவது தடவை ஒழுங்காச் செஞ்சுட்டியேன்னு தட்டிக் குடுத்தேன். சரி மேடம்னா. ஒரு நன்றி சொல்லலாம்ல? சரி மேடம். அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா.

இதுதான் அண்ணாச்சி நடந்தது. அந்த வருஷம் போர்டுல என் லேப் பேர் இல்ல. ஒரே ஒரு பிள்ளையால. ஹெச்.ஓ.டி. வேலையும் வேற ஆளுக்குப் போயிட்டு. அதுக்கெல்லாம் நான் அவளைக் குத்தம் சொல்லலை. சின்னப் பிள்ளை. ஆனா நீங்க யோசிச்சுக்கிடுங்க. குடும்பம்னா வளைஞ்சு போகணும். மாமியார் ஒண்ணு சொல்லுவாங்க, உங்க மருமகன் ஒண்ணு சொல்லுவார், ஆமாம்னுட்டுப் போனாத்தான் வீடு ஓடும். இவகிட்ட ஆமாம்னு வாங்க முடியாது. இல்லாததை இருக்குன்னு ஒரு வார்த்தை இவ வாயில வராது. அதுக்கு மேல உங்க இஷ்டம்.

என்ன, எந்திரிச்சிட்டீங்க?

நிச்சயதார்த்தமா? எப்போ? இந்த மாசமேவா? நான் இவ்வளவு சொன்னதுக்கு அப்புறமுமா அண்ணாச்சி?

இல்ல, எனக்குச் சந்தோஷம்தான். பிள்ளை நல்லா இருக்கட்டும். நான் என்ன அவளுக்கு எதிரியா? ஆனா என் வீட்டை உங்களுக்கு யாரு சொன்னா? காலேஜ்ல கேட்டீங்களா? இல்லையா?

அவளேவா?

பொண்ணு பார்க்கப் போனப்போ ஏன் ஃபெயில்னு நீங்க கேட்டதுக்கா? அப்படியா சொன்னா? சொல்லுங்க, அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க.

'நான் சொன்னா எனக்குச் சாதகமாச் சொன்ன மாதிரி இருக்கும். பாளையங்கோட்டையில எங்க மேடத்தைப் போய்க் கேளுங்க. என் பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தாங்க. நடந்ததை அவங்க சொல்லுவாங்க.'

வேற ஒண்ணும் சொல்லலையா? என்னைப் பத்தி?

ம்.

ஆமா அண்ணாச்சி. பக்கத்துலதான் நின்னேன்.